1553 யூலை: ஜேன் கிறே, மேரி, கட்சி மாறின பிரபுக்கள் – மேடைக்கு எப்பிடிக் கொண்டுவாறது?

புதுக்குடியிருப்பு நாடகக்குழு

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர மாணவரை வைத்து ஒரு மேடை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறம். அரசன் ஆறாம் எட்வேர்ட் இறந்த பிறகு, அவரின் அக்கா மேரிக்கும் உறவுக்காரி ஜேன் கிறேக்கும் இடையில் இங்கிலாந்தில் நடந்த முடியுரிமைப் போட்டிதான் கரு. 50 நிமிசம், 14 நடிகர். திறந்தவெளி மேடை, அகலம் 24 அடி, ஆழம் 16 அடி. பின்திரை இருக்கு, முன்திரை இல்லை. பார்க்க வாறது பெரும்பாலும் ஊர்ச்சனம்.

எழுத்தில் சரியா இருக்கிற கதை வாசிப்பில் இடறுது. யூன் 21 அன்று, எட்வேர்ட் உயிரோடு இருக்கும்போதே, முடி ஜேனுக்கு எண்ட பத்திரத்தில் நூறு பேருக்கு மேல் கையெழுத்து வைக்கினம். அதே ஆக்கள் யூலை 19 அன்று மேரிக்காகக் கூவினம். கேட்கிற ஆக்களுக்கு இது காசு வாங்கிக் கட்சி தாவினது போலத் தெரியுது. அது உண்மையில்லை எண்டு எங்களுக்குத் தெரியும், ஆனால் எந்த இடத்தில், எதைக் காட்டினால் அது விளங்கும்? சட்டப்படி முடி யாருக்கு எண்டதையும் இரண்டு நிமிசத்துக்குள் சொல்லவேணும். மற்றது, பெயர்கள். ஹென்றி மட்டும் நாலு பேர் இருக்கினம். முடிவையும் இன்னும் தீர்மானிக்கேல்லை: ஜேனின் தலை வெட்டப்படுறதோடு முடிக்கலாமோ?

மல்லாவி வரலாற்று ஆசிரியை

தம்பி, முதலில் சட்டத்தைப் பிடியுங்கோ. அது சனத்துக்கு விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும்.

எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1544 இல், நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. முதலில் எட்வேர்ட், பிறகு மேரி, பிறகு எலிசபெத். இரண்டு மகள்மாரும் சட்டப்படி முறையற்ற பிறப்பு என்ற நிலை மாறவில்லை, ஆனாலும் வரிசையில் இடம் கொடுத்தார்கள். 1546 டிசம்பர் 30 திகதியிட்ட உயிலில் ஹென்றி இதையே உறுதிசெய்து, மூன்று பிள்ளைகளுக்கும் வாரிசு இல்லாவிட்டால் தன் தங்கையின் மகள் பிரான்சிஸ் பெற்ற பிள்ளைகளுக்கு முடி போகும் என்றான். ஜேன் அந்தப் பிரான்சிஸின் மூத்த மகள். ஆக, 1553 யூலை 6 அன்று எட்வேர்ட் கண்மூடியபோது சட்டம் சொன்ன பெயர் மேரி. கட்டியகாரன் இதை நாலு வரியில் சொல்லிவிடலாம். அக்கா தங்கை உறவுமுறை எங்கட சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது எட்வேர்ட் தன் கையால் எழுதிய தாள். உங்கள் நாடகத்தின் நடுத்தூண் அதுதான், அரசன் பேரில் ஆட்சியை நடத்திய நோர்தம்பர்லாந்துக் கோமகன் அல்ல. முதல் எழுத்தில் பெண்களுக்கே இடமில்லை. பிரான்சிஸுக்குப் பிறக்கப்போகும் ஆண் மக்கள், ஜேனுக்குப் பிறக்கப்போகும் ஆண் மக்கள் என்று போகிறது. அப்படி ஒரு ஆண் குழந்தையும் அப்போது பிறந்திருக்கவில்லை. வருத்தம் கடுமையானபோது காத்திருக்க நேரமில்லை. எட்வேர்ட் அதே வரியில் ஒரு சின்ன அடிப்பு அடித்து, மேலே இரண்டு சொல் செருகினான். முடி ஜேனுக்கே போனது. இதை மேடையில் கட்டாயம் செய்து காட்டுங்கோ. 4 அடிக்கு 3 அடி மண்ணிறத் தாளில் ‘ஜேனின் ஆண் மக்கள்’ என்று முன்கூட்டியே எழுதி வைத்திருங்கோ. நடிகன் இருமிக்கொண்டே ‘ஜேனின்’ என்பதைக் கோடிட்டு, மேலே ‘ஜேன், அவளின்’ என்று எழுதட்டும். எழுத்து 5 அங்குல உயரத்துக்குக் குறைந்தால் பின்வரிசைக்குத் தெரியாது. அதே தாளில்தான் பிறகு பிரபுக்கள் கையெழுத்து வைக்கவேணும். உண்மையில் கையெழுத்தானது அதை வைத்து எழுதிய அரச ஆவணத்தில். மேடைக்கு ஒரே தாள் போதும்.

எட்வேர்டைப் படுக்கையில் கிடக்கிற பொம்மையாகக் காட்டாதீங்கோ. 15 வயசுப் பெடியன், தன் புரட்டஸ்தாந்து மதச் சீர்திருத்தத்தைக் கத்தோலிக்கப் பெண்ணான மேரி அழித்துவிடுவாள் என்று உறுதியாக நம்பியவன். தயங்கிய பேராயர் கிறான்மரை இணங்கவைத்தது எட்வேர்டின் நேரடி வேண்டுகோள். நோர்தம்பர்லாந்துக்கு இலாபம் இருந்தது மெய்தான்: அந்த மே மாதம்தான் தன் மகன் கில்போர்டை ஜேனுக்குக் கட்டிவைத்தான். ஆனால் எல்லாம் அவன் ஒருத்தனின் சூழ்ச்சி என்று எழுதினால் பிரபுக்களின் கையெழுத்துக்கு அர்த்தமே போய்விடும். அவர்கள் பணிந்தது உயிரோடு இருந்த அரசனின் கட்டளைக்கு.

நீதிபதிகள் காட்சியை வெட்டாதீங்கோ. தலைமை நீதிபதி மொன்ரேகு கைவிரித்ததற்கு அடிப்படை சட்டம்: நாடாளுமன்றச் சட்டத்தை அரசனின் பத்திரம் வெல்லாது, முடி வரிசையை மாற்ற முயல்வது 1547 சட்டப்படி தேசத்துரோகம். அரசன் 18 வயசை எட்டாதவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. நோர்தம்பர்லாந்து அவரைத் துரோகி என்று திட்டி, இந்த விசயத்துக்காகச் சட்டையோடு நின்று எவனோடும் சண்டைபிடிப்பேன் என்று நடுங்கிக்கொண்டு கத்தினான். கடைசியில் மொன்ரேகு, எழுத்தில் கட்டளையும், முன்கூட்டியே மன்னிப்புப் பத்திரமும் கேட்டு வாங்கிக்கொண்டு இணங்கினார். ஹேல்ஸ் என்ற நீதிபதி கடைசி வரைக்கும் கையெழுத்து வைக்கவில்லை. அந்த மன்னிப்புப் பத்திரம்தான் சனத்துக்கு நீங்கள் கொடுக்கிற திறப்பு: கையெழுத்து வைக்கும்போதே அவர்களுக்குப் பயம் இருந்தது. செப்ரெம்பரில் நாடாளுமன்றம் கூட்டி இதைச் சட்டமாக்கத் திட்டமிருந்தது. அரசன் யூலையிலேயே போய்விட்டான். அந்த இடைவெளியில்தான் எல்லாம் சரிந்தது.

பிரபுக்களுக்கு வருவோம். ‘பிரபுக்கள் மாறினார்கள்’ என்று கூட்டமாக எழுதினால் நீங்கள் சொல்கிற கோளாறு வந்தே தீரும். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காரணமும் ஒரு பொருளும் கொடுங்கோ.

அருண்டல்: நோர்தம்பர்லாந்து இவனைச் சிறையில் வைத்தவன். பழி மனசில் கிடக்குது. யூலை 14 நோர்தம்பர்லாந்து மேரியைப் பிடிக்கப் படையோடு புறப்படும்போது, கூடவர முடியவில்லையே, உங்கள் காலடியில் இரத்தம் சிந்தவும் தயார் என்று சொல்லி வழியனுப்பினான். பத்து நாளில், கேம்பிறிட்ஜில் அதே நோர்தம்பர்லாந்தைக் கைதுசெய்ய வந்தவன் அருண்டல். இந்த இரண்டு காட்சியிலும் அவன் நிற்கிற இடமும் கை வைக்கிற விதமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பெம்புறூக்: ஜேனின் கல்யாண நாளிலேயே தன் மகனுக்கு ஜேனின் தங்கை கதறினைக் கட்டிவைத்தவன். காற்று மாறியதும் மருமகளை வீட்டைவிட்டு அனுப்பி, கல்யாணத்தையே செல்லாததாக்கினான். இதைவிடப் பச்சையான கட்சி மாறல் இந்தக் கதையில் இல்லை. ஊர்ச்சனத்துக்கு ஒரு வசனமும் தேவைப்படாது. பெட்டியோடு ஒரு பிள்ளை மேடையைக் குறுக்கே கடந்து போனால் போதும்.

வின்செஸ்ரர்: கிழட்டுத் திறைசேரியாளர். எட்வேர்ட், மேரி, எலிசபெத் மூன்று பேருக்கும் அதே பதவியில் இருந்து 1572 இல் பதவியோடே செத்தவர். யூலை 16 இரவு, ஜேனும் ஆலோசனைச் சபையும் இருந்த இலண்டன் கோபுரக் கோட்டையிலிருந்து தன் வீட்டுக்கு நழுவினார். கதவுகளைப் பூட்டித் திறப்புகளை ஜேனிடம் கொடுத்தார்கள். நடுச்சாமத்தில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்தத் திறப்புக்கொத்துச் சத்தம் ஒன்றே போதும், அரசி தன் சபையையே பூட்டி வைத்திருக்கிறாள் என்று காட்ட.

செசில்: அரசனின் செயலாளர். சாட்சியாக மட்டும் கையெழுத்து வைத்தேன் என்று பிறகு சொன்னவர். இவருக்கு ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் கொடுங்கோ.

மாறுவதற்கு வெளியிலிருந்து மூன்று அடி விழுந்தது. ஒன்று, நோர்தம்பர்லாந்து இலண்டனை விட்டுப் போனது. முதலில் ஜேனின் தகப்பன்தான் படையோடு போவதாக இருந்தது. ஜேன் அழுது மறித்ததால் இவன் போனான். சபை பயந்த மனிதன் சபையில் இல்லாமல் போனான். இரண்டு, மேரியைப் பிடிக்க அனுப்பிய கப்பல்களே மேரியின் பக்கம் போயின. பீரங்கியும் அவற்றோடு போனது. மூன்று, மேரி இருந்த நோர்போக், சஃபோக் பகுதிச் சனம். 1549 இல் அங்கே நடந்த கெற் கிளர்ச்சியை இரத்தத்தில் அடக்கியவன் நோர்தம்பர்லாந்து. அந்த மண்ணில் அவனுக்கு ஆள் சேராது. மேரியும் கெட்டிக்காரத்தனமாக மதத்தைப் பற்றி அதிகம் பேசாமல், ‘நான் சட்டப்படியான வாரிசு’ என்றே நின்றாள். எட்டாம் ஹென்றி பறித்த கத்தோலிக்க மடங்களின் காணியை வாங்கி வைத்திருந்த பிரபுக்களுக்கு அது பெரிய ஆறுதல்.

முள்ளியவளைக் கூத்துமேடை

ரீச்சர் சொன்ன பொருள் உத்தியை நானும் வழிமொழியிறன். மேடைப் பக்கத்தைச் சொல்லுறன்.

முழுசாக் கூத்தாக்க வேண்டாம். வரவுப் பாட்டும் பிரகடனமும் மட்டும் கூத்து மெட்டில் வரட்டும், மிச்சம் வசனம். வரவில் ஒவ்வொரு பிரபுவும் தன்ர ஊர்ப் பேரையும் தன்ர பயத்தையும் ஒரு அடியில் பாடிப்போட்டுப் போனால் பேர்ச் சிக்கல் பாதி தீரும். ஹென்றி எண்ட பேரை எட்டாம் ஹென்றிக்கு மட்டும் வையுங்கோ. ஆளுக்கு ஒரு பேர்தான்: அருண்டல் எண்டால் கடைசி வரைக்கும் அருண்டல். வில்லியம், ஜோன் எல்லாம் வாயிலேயே வரக்கூடாது. ஜேனின் தகப்பன் சஃபோக் கோமகன். மேரி நிக்கிற மாகாணமும் சஃபோக். அவரை ‘ஜேனின் ஐயா’ எண்டே எல்லாரும் கூப்பிடட்டும்.

காலத்தைச் சனத்தின்ர மனசில் நிறுத்தக் கட்டியகாரனுக்கு இப்பிடி ஒரு தொடக்கம் குடுங்கோ: நல்லூரில் சங்கிலி ஆண்ட காலம், கோட்டை அரசன் புவனேகபாகு, பேரன் தர்மபாலனுக்கு முடி நிச்சயமாக வேணுமெண்டு பொன்னுருவம் செய்து லிஸ்பனுக்கு அனுப்பி 1543 இல் அதுக்கு முடிசூட்டுவிச்ச காலம், 1551 இல் புவனேகபாகுவே களனியில் வெடிபட்டுச் செத்தான், அதுக்கு இரண்டு வருசம் கழிச்சுத்தான் இந்தக் கதை. உயர்தரப் பிள்ளையளுக்குப் படிச்ச பாடம், பெரியாக்களுக்குத் தெரிஞ்ச பேர்.

பிரகடனம் இரண்டு தரம் வருது. யூலை 10 ஜேனுக்கு, 19 மேரிக்கு. ஒரே கட்டியகாரன், ஒரே மெட்டு, ஒரே இடம், பேர் மட்டும் மாறவேணும். முதல் தரம் மத்தளம் நிண்டாப்பிறகு ஐஞ்சு எண்ணும் வரைக்கும் ஒரு சத்தமும் வேண்டாம். கில்பேர்ட் பொற்றர் எண்ட மதுச்சாலைப் பெடியன் மட்டும் மேரிக்குத்தான் உரிமை எண்டு சொல்லட்டும். அடுத்த நாள் அவன்ர இரண்டு காதையும் அறுத்தவை, அதைக் கட்டியகாரன் சொன்னாக் காணும், காட்ட வேண்டாம். இரண்டாம் தரம் மணியோசை, கூச்சல், பெம்புறூக் தொப்பி நிறையக் காசை அள்ளி எறியிறது. மணிக்கு ஒலிப்பதிவு தேடாதேங்கோ. பள்ளிக்கூடத்தில் தொங்குற தண்டவாளத்துண்டை இரண்டு பேர் மாறி மாறி அடிச்சால் திறந்தவெளிக்கு அதுதான் எடுக்கும்.

தோள்சால்வை: ஒரு பக்கம் கடுஞ்சிவப்பு, மறுபக்கம் வெள்ளை, ஆளுக்கு 2 யார் நீளம். எல்லாரும் சிவப்போடு தொடங்கவேணும். மனம் மாறுற அந்தக் கணத்தில் சால்வையின்ர ஒரு ஓரம் மட்டும் மடிஞ்சு வெள்ளை தெரியட்டும். முழுசாத் திருப்பிப் போடுறது 19ஆம் திகதி மட்டும். முதலே திருப்பிப்போட்டு மேடையின்ர மற்றப் பக்கம் போய் நிண்டால் மர்மம் போச்சு, சனம் காசுக்கு மாறினவை எண்டுதான் நினைக்கும். மாறினவை 19 வரைக்கும் ஜேனுக்குப் பக்கத்திலதான் நிக்கோணும். பிழைக்கிற இடம்: ஒரே ஒரு ஊசியால் குத்தினால் திருப்பேக்க சால்வை நழுவும். தோளில் ஒண்டு, இடுப்பில் ஒண்டு குத்துங்கோ.

மேரிக்கு வலப்பக்க மூலையில் 2 அடி உயரத்தில் 6க்கு 4 அடியில் ஒரு பலகைத்தட்டு. அவ அங்கயே இருக்கட்டும். ஜேனும் மேரியும் அந்த நாட்களில் ஒருத்தரை ஒருத்தர் சந்திக்கேல்லை, முகத்துக்கு முகம் வசனம் எழுதிப்போடாதேங்கோ.

நோர்தம்பர்லாந்து படையோடு ஷோர்டிச் வழியால் போகேக்க ஒரு வசனம் இருக்கு: பார்க்க முண்டியடிக்கினம், ஆனால் ஒருத்தரும் ‘கடவுள் துணை’ எண்டு சொல்லினமில்லை. அதைச் சனத்துக்கு நடுவில் நடந்தபடி சொல்ல வையுங்கோ. பார்க்க வந்த சனமே இலண்டன் சனமாகிடும்.

ஒலிவாங்கி விசயம்: சதிக்காட்சியைப் பின்திரைக்குக் கிட்ட வைச்சால் குசுகுசுப்பு ஒண்டும் கேளாது. நாலு ஒலிவாங்கியையும் முன்விளிம்பில் 5 அடிக்கொண்டாக வைச்சு, பெம்புறூக்கின்ர இலண்டன் வீடான பேனார்ட் கோட்டையில் பிரபுக்கள் கூடி மேரி பக்கம் மாற முடிவெடுக்கிற சதியை முன்நடுவில் வையுங்கோ. ஜெனரேற்றர் மேடையில் இருந்து 100 அடியாவது தள்ளி, காற்றின்ர திசை பார்த்து நிக்கட்டும்.

தையல் அக்கா, ஒட்டுசுட்டான்

உடுப்பில் எல்லாரும் விடுற பிழை, கழுத்தில் சில்லு மாதிரிப் பெரிய சுருக்குக் கொலர். அது எலிசபெத் காலத்துச் சாமான். 1553க்குக் கழுத்து விளிம்பில் சின்னச் சுருக்கு மட்டும்: ஒன்றரை அங்குல வெள்ளைப் பட்டி ஒரு யார் எடுத்து, 15 அங்குலத்துக்குச் சுருக்கித் தைச்சாச் சரி.

ஆம்பிளையளுக்கு முன்பக்கம் திறந்த, முழங்கால் வரைக்கும் வாற மேலங்கி. 45 அங்குல அகலத் துணியில் உடம்புக்கு இரண்டரை யார், தோள் உப்பின கைக்கு முக்கால் யார். வெல்வெட் வாங்காதேங்கோ. யூலை, ஓகஸ்ட் வெக்கைக்கு லைற்றுக்குக் கீழ பெடியள் மயங்கி விழுவினம். மங்கல் பருத்தித்துணி காணும், உள்துணியும் வேண்டாம். உரோமக் கொலருக்குப் பழைய துவாயைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைச்சு, 5 அங்குலப் பட்டியா வெட்டித் தையுங்கோ. பத்தடி தள்ளிப் பார்த்தா உரோமம் எண்டுதான் தெரியும்.

தொப்பி: 14 அங்குல விட்டத்தில் வட்டத்துணி, தலைச் சுற்றளவுக்குச் சுருக்கி, கீழ 2 அங்குல மட்டை விளிம்பு. நாடிக்கயிறு போடக்கூடாது. பெம்புறூக்கும் நோர்தம்பர்லாந்தும் தொப்பியை எறியிற ஆக்கள், கயிறு இருந்தாக் கழுத்தில் மாட்டும். எறியிற காசு உலோகமா இருந்தா முன்வரிசைப் பிள்ளையளின்ர கண்ணில் படும். மட்டையைக் காசளவா வெட்டித் தங்கத்தாள் ஒட்டுங்கோ.

ஜேனுக்கும் மேரிக்கும் தலையில் பிறை வடிவ மட்டை, நடுவில் 3 அங்குல உயரம், தலைப்பட்டியில் தைச்சு, பின்னால கறுப்புத்துணி தொங்கவிடுங்கோ. ஜேனுக்கு முடிசூட்டு விழா நடக்கேல்லை, அதால முடியைத் தலையில் வைச்சுக் காட்டக்கூடாது. கொண்டுவந்து காட்டலாம். வின்செஸ்ரர் முடியைக் கொண்டுவந்து, புருசனுக்கும் ஒண்டு செய்யலாம் எண்டு சொல்ல, கில்போர்டை அரசனாக்க மாட்டன், கோமகனாக்கலாம் எண்டு ஜேன் மறுத்த இடம் இருக்கே, அது 16, 17 வயசுப் பிள்ளை எப்பிடி நிமிர்ந்தா எண்டு காட்டுற இடம். அதை விட்டிடாதேங்கோ.

புதுக்குடியிருப்பு நாடகக்குழு

ரீச்சர், அண்ணை, அக்கா, மூன்று பேருக்கும் பெரிய நன்றி. மன்னிப்புப் பத்திரமும் சால்வையும் சேர்த்தால் நாங்கள் தேடினது வரும். முடிவு மட்டும் பாக்கி. மரணதண்டனையோடு முடிக்கச் சொல்லிப் பிள்ளைகள் நிக்கினம்.

மல்லாவி வரலாற்று ஆசிரியை

தம்பி, யூலையில் இருந்து நேரே வெட்டுக்கட்டைக்குப் பாய்ந்தால் காரணம் தொலைந்துவிடும். மேரி ஜேனை உடனே கொல்லவில்லை. நவம்பர் 13 விசாரணையில் மரணதண்டனை விதித்தும் நிறைவேற்றாமல் கோபுரத்தில் வைத்திருந்தாள். மேரி ஸ்பெயினின் பிலிப்பைக் கட்டப்போகிறாள் என்று 1554 ஜனவரியில் வையற் கிளர்ச்சி வந்தது. ஜேனின் ஐயா அதில் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் பெப்ரவரி 12 ஜேனும் கில்போர்டும். 11 நாள் கழித்து ஐயாவின் தலையும் போனது. இதை மேடையில் காட்ட இன்னும் 20 நிமிசம் வேணும்.

50 நிமிசத்துக்குள் என்றால் இரண்டு காட்சிதான் எஞ்சும். ஒன்று யூலை 19 கோபுரத்துக்குள்: ஜேனின் தலைக்கு மேல் கட்டியிருந்த அரச விதானத்தை அவளின் ஐயாவே பிடுங்குகிறார். விதானம் 5 அடிச் சதுரம், இரண்டு மூலை மட்டும் இலேசான முடிச்சாக இருந்தால் ஒரே இழுப்பில் விழும். நாலு மூலையும் இறுகக் கட்டினால் இழுத்துக்கொண்டு நிற்பார். மற்றது ஓகஸ்ட் 21: சீர்திருத்த மதத்தின் காவலனாக நின்ற நோர்தம்பர்லாந்து, கோபுரத்தின் சிற்றாலயத்தில் கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை வாங்குகிறான். அடுத்த நாள் தலை போகுது. உயிர்ப்பிச்சை கிடைக்கும் என்ற நம்பிக்கையா, மனமார்ந்த மாற்றமா என்று இன்றைக்கும் வாதம் உண்டு, நடிகன் அதைத் தீர்க்கத் தேவையில்லை. அதைக் கேள்விப்பட்ட ஜேன் கடுமையாகக் கண்டித்தாள். தான் மதம் மாறி உயிர் தப்ப அவளுக்கும் பிறகு ஒரு வழி காட்டப்பட்டது, அவள் மாறவில்லை. இந்த இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஆளுக்கொரு மூலையில் நிறுத்துங்கோ. பெப்ரவரிச் செய்தியைக் கட்டியகாரன் இரண்டு அடியில் பாடட்டும்.

எலிசபெத்துக்கு 14 பேரில் ஒருத்தரை ஒதுக்காதீங்கோ. அந்த இரண்டு கிழமையும் அவள் ஹட்பீல்டில் வருத்தம் என்று படுத்திருந்தாள், எந்தப் பக்கமும் போகவில்லை. கட்டியகாரனின் ஒரு வரி போதும். அந்த ஆளை ஹேல்ஸுக்குக் கொடுங்கோ. நீதிபதிகள் காட்சிக்கு 6 நிமிசம் காணாது, 8 ஆக்குங்கோ.

முள்ளியவளைக் கூத்துமேடை

அந்த 2 நிமிசத்தைக் கேம்பிறிட்ஜ் காட்சியில் வெட்டுங்கோ. 20ஆம் திகதி நோர்தம்பர்லாந்து தானே மேரிக்கு வாழ்த்துச் சொல்லித் தொப்பியை எறியிறான், அருண்டல் வாறான், கைது. நாலு நிமிசத்துக்கு மேல இழுத்தா இளகிப்போகும். மொன்ரேகுவாக நடிக்கிறவர் நீதிபதிக் காட்சி முடிய உடுப்பை மாத்தி, கப்பல் செய்தி கொண்டுவாற தூதனாக வரலாம். எட்வேர்டாக நடிச்ச பெடியனை மட்டும் திரும்ப மேடைக்கு விடாதேங்கோ, கூட்டத்தில் ஒருத்தனாகக்கூட. செத்த அரசன் திரும்பி நிக்கிறான் எண்டு முன்வரிசைச் சின்னனுகள் சத்தமாக் கேக்கும்.

ஒத்திகையை முதல் நாளிலிருந்தே சால்வையோடயும் திறப்புக்கொத்தோடயும் செய்யுங்கோ. திறப்பு இரும்பா இருக்கவேணும், பிளாஸ்ரிக் சத்தம் போடாது.